நகக்கண் தோலை வெட்டிய பின் விரல் வீங்கினால்

அழகு நிலையத்தில் கால் நகங்களைச் சீர்செய்துகொண்ட மூன்றாம் நாள், பெருவிரலின் நக ஓரம் சிவந்து விண்விண்ணென்று தெறிக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நகக்கண் தோலை வெட்டினார்கள் என்பதே எனக்கு உறுத்துகிறது. கிருமி உள்ளே போகாமல் அடைத்து நிற்பது அந்தத் தோல்தான். இனி யாரையும் அதில் கைவைக்க விடாதீர்கள்.

வெதுவெதுப்பான நீரில் 15 நிமிடம், நாளுக்கு மூன்று நான்கு முறை விரலை ஊறவையுங்கள். ஊசியால் குத்தவே வேண்டாம். சீழ் கட்டினாலோ, சிவப்பு பரவினாலோ, காய்ச்சல் வந்தாலோ உடனே மருத்துவரிடம் போங்கள். சர்க்கரை நோய் இருந்தால் எதற்கும் காத்திராமல் இன்றே போய்விடுங்கள்.

நகம் வெட்டும் கருவிகளைக் கிருமி நீக்க நீல விளக்குப் பெட்டியில் வைத்தால் போதாதா என்று கேட்டீர்கள். போதாது. உலோகக் கருவிகளைக் கழுவி, ஆட்டோகிளேவில் அழுத்த நீராவியில் வைத்தெடுக்க வேண்டும்.

அதைவிடக் கவலை தருவது, கால்களை ஊறவைக்கும் நீர்ச்சுழல் தொட்டி. 2000ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் ஒரே அழகு நிலையத்துக்குச் சென்ற 100க்கும் மேற்பட்டோருக்குக் கால்களில் ஆறாத கட்டிகள் வந்தன. தொட்டி வடிகட்டிகளின் பின்னால் தேங்கிய முடியிலும் தோல் துணுக்கிலும் கிருமி வளர்ந்திருந்தது. காலில் முடி மழித்துவிட்டுப் போனவர்களுக்கு ஆபத்து அதிகமாக இருந்தது.