பழைய கணினி பூட் ஆகவில்லையா? ஃபார்மட்டை மட்டும் தள்ளிப் போடுங்கள்

கேள்வி இது: வீட்டுக் கணினிக்குப் பத்து வயதுக்கு மேல் ஆகிறது. காலையில் போட்டால் பூட் ஆவதற்கு டிஸ்க் எதுவும் இல்லை என்று கறுப்புத் திரையில் வருகிறது. இரண்டு மூன்று முறை அணைத்துப் போட்டால் விண்டோஸ் வந்துவிடுகிறது. தேதியும் அடிக்கடி பழைய வருடத்துக்குப் போய்விடுகிறது. ஃபார்மட் செய்தால் சரியாகுமா, இல்லை புது ஹார்ட் டிஸ்க் வாங்க வேண்டுமா?

ஃபார்மட் இப்போது வேண்டவே வேண்டாம். இதைப் படிக்கும்போது உங்கள் கணினி ஓடிக்கொண்டிருந்தால் அதை அணைக்காமல், புகைப்படங்களையும் முக்கியமான கோப்புகளையும் வேறொரு டிஸ்க்கிலோ பென் டிரைவிலோ எடுத்து வையுங்கள். மீதியை அதன்பிறகு படிக்கலாம்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. சில வருடங்களுக்கு முன்பு என் கணினியிலும் இதே மாதிரிதான் வந்தது. விண்டோஸ் கெட்டுவிட்டது என்று நானே முடிவு செய்து, அன்று இரவே ஃபார்மட் செய்து மறுபடி நிறுவினேன். மூன்றாம் நாள் அதே கறுப்புத் திரை. கடைசியில் பார்த்தால் கோளாறு, டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளில் இருந்தது. புது கேபிள் மாட்டிய பிறகு அந்த டிஸ்க் பல மாதங்கள் ஒழுங்காக ஓடியது. ஆனால் மகள் பேசத் தொடங்கிய நாட்களில் எடுத்த வீடியோக்கள் அந்த ஃபார்மட்டோடு போய்விட்டன. இன்னும் அது மனதை விட்டுப் போகவில்லை. உங்களுக்கு அப்படி நடக்கக் கூடாது.

உங்கள் கேள்வியில் இரண்டு அறிகுறிகள் இருக்கின்றன. இரண்டும் ஒரே கோளாறாக இருக்க வேண்டும் என்பதில்லை.

தேதி பின்னால் போவது பெரும்பாலும் மதர்போர்டில் இருக்கும் சின்ன வட்ட பேட்டரி தீர்ந்துபோனதால்தான். சிஆர்2032 என்று அதன் மேலேயே எழுதியிருக்கும், 3 வோல்ட். ஒரு எளிய சோதனை: சுவரில் உள்ள சுவிட்சை இரவு அணைக்காமல், கணினியை மட்டும் ஷட் டவுன் செய்து விடுங்கள். மின்சாரம் வந்துகொண்டிருக்கும் வரை மதர்போர்டின் கடிகாரம் அதிலிருந்தே ஓடும், பேட்டரி தேவைப்படாது. மறுநாள் தேதி சரியாக இருந்து, சுவிட்சை அணைத்த இரவுகளில் மட்டும் மாறிவிடுகிறது என்றால் பேட்டரிதான். மல்டிமீட்டர் இருந்தால் அளந்து பாருங்கள். 2.8 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் நான் மாற்றிவிடுவேன்.

பேட்டரி போனால் போவது தேதி மட்டும் இல்லை. பல பழைய போர்டுகளில் பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே ஓடி கணினியைத் தொடங்கிவைக்கும் மென்பொருள்) அமைப்புகளும் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பிவிடும். பூட் வரிசை மாறும். சாட்டா முறை, அதாவது போர்டு டிஸ்க்கோடு பேசும் விதம், ஏஹெச்சிஐயில் இருந்து ஐடிஇக்கோ, அல்லது நேர்மாறாகவோ மாறினால் விண்டோஸ் நீலத் திரையோடு நின்றுவிடும், டிஸ்க்கில் ஒரு குறையும் இல்லாமலே. அதனால் பயாஸுக்குள் எதையாவது மாற்றுவதற்கு முன்பு ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் போட்டிருந்தால் அதன் 48 இலக்க மீட்புச் சாவி கையில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஆனால் உங்கள் பூட் பிரச்சினைக்கு பேட்டரி மட்டும் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. அமைப்பு தவறாக இருந்தால் நீங்கள் திருத்தும் வரை ஒவ்வொரு தடவையும் தவறாகத்தான் இருக்கும். பயாஸைத் தொடாமலே மூன்றாவது தடவை விண்டோஸ் வருகிறது என்றால், டிஸ்க் சில சமயம் கண்ணுக்குத் தெரிகிறது, சில சமயம் தெரியவில்லை என்று அர்த்தம். இந்த இடத்தில்தான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

ஹார்ட் டிஸ்க்குக்குள் இருக்கும் தட்டுகள் நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 சுற்று என்ற வேகத்தை எட்டிய பிறகே டிஸ்க் பயாஸுக்குப் பதில் சொல்லும். நின்றிருக்கும் தட்டை அந்த வேகத்துக்குக் கொண்டுவரும் சில நொடிகளில்தான் 12 வோல்ட் இணைப்பிலிருந்து அது அதிகமாக மின்சாரம் இழுக்கும். மோட்டார் தேய்ந்திருந்தாலும், கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டி பலவீனமாகி இருந்தாலும் அந்த நொடிகள் நீளும். பயாஸ் அவ்வளவு நேரம் காத்திருக்காது, டிஸ்க் இல்லை என்று சொல்லிவிடும். நீங்கள் அணைத்த உடனே மறுபடி போடும்போது தட்டு இன்னும் முழுதாக நின்றிருக்காது. அதனால் அந்தத் தடவை சீக்கிரம் தயாராகிவிடுகிறது.

அடுத்த முறை கறுப்புத் திரை வந்தால் அணைக்காதீர்கள். அரை நிமிடம் காத்திருந்து கண்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். அப்போது பூட் ஆனால் மேலே சொன்னதுதான் விஷயம். டிஸ்க்கா எஸ்எம்பிஎஸ்ஸா என்று பிரித்தறிய, டிவிடி டிரைவ் போன்ற தேவையில்லாதவற்றின் பவர் இணைப்பை எடுத்துவிட்டுப் போட்டுப் பாருங்கள். முடிந்தால் டிஸ்க்கை வேறொரு கணினியில் மாட்டிப் பாருங்கள். அங்கே முதல் தடவையே வந்தால் உங்கள் எஸ்எம்பிஎஸ்ஸையோ கேபிளையோதான் சந்தேகிக்க வேண்டும். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஆபத்தான அளவு மின்சாரம் தேங்கியிருக்கும்.

டிஸ்க்கின் சத்தத்தையும் கவனியுங்கள். ஒரே சீரான இரைச்சல் என்றால் பயமில்லை. டக், டக் என்று சீரான இடைவெளியில் தட்டும் சத்தம் வந்தால், படிக்கும் முனை தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பத் திரும்ப முயல்கிறது. அப்போது உடனே அணைத்துவிடுங்கள். ஒவ்வொரு முயற்சியும் தட்டில் கீறல் போடலாம். உள்ளே விலைமதிப்பில்லாத கோப்புகள் இருந்தால் தரவு மீட்கும் ஆய்வகத்தில் கொடுப்பது ஒன்றே வழி. வீட்டில் மூடியைத் திறப்பது, ஃப்ரீசரில் வைப்பது எல்லாம் இருக்கும் வாய்ப்பையும் கெடுத்துவிடும்.

சரி, சத்தம் ஏதும் இல்லை, விண்டோஸும் வந்துவிட்டது, பேக்கப்பும் எடுத்தாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்து கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் டிஸ்க்கின் ஸ்மார்ட் விவரங்களை, அதாவது டிஸ்க் தன் நிலையைப் பற்றித் தானே குறித்துவைக்கும் எண்களை, பாருங்கள். மேலே 'நலம்' என்று பச்சை அல்லது நீல நிறத்தில் காட்டுவதை மட்டும் நம்பாதீர்கள். நான்கு வரிகள் முக்கியம்: 05, சி5, சி6, சி7. முதலாவது, கெட்டுப்போனதால் மாற்று இடம் ஒதுக்கப்பட்ட செக்டர்களின் (டிஸ்க்கில் தரவு எழுதப்படும் சிறு துண்டுகளின்) எண்ணிக்கை. சி5, படிக்க முடியாமல் முடிவுக்காகக் காத்திருப்பவை. சி6, சோதித்தும் படிக்க முடியாதவை. இவற்றில் சி5 பூஜ்யத்துக்கு மேலே இருந்தாலே நான் அந்த டிஸ்க்கை நம்ப மாட்டேன். ஒவ்வொரு வரியின் கடைசியிலும் இருக்கும் எண்ணிக்கையை அந்த மென்பொருள் வழக்கமாகப் பதினாறடிமான எண்ணில் காட்டும். பார்த்துப் பயந்துவிடாமல் அமைப்பில் பத்தடிமானத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

சி7 வேறு கதை. டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் இடையே போகும் வழியில் தரவு சிதைந்த தடவைகளை அது எண்ணுகிறது. அது ஏறினால் பெரும்பாலும் கேபிளைத்தான் பார்க்க வேண்டும். என் கணினியில் அந்த எண் ஆயிரத்தைத் தாண்டியிருந்தது, ஃபார்மட் செய்த அன்று அதைப் பார்க்க எனக்குத் தெரிந்திருக்கவில்லை. இந்த எண் ஒருபோதும் குறையாது. அதனால் இன்றைக்கு இருப்பதை எழுதி வைத்து, கேபிளை மாற்றி, மதர்போர்டில் வேறு சாட்டா போர்ட்டில் செருகி, ஒரு வாரம் கழித்து ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறவில்லை என்றால் முடிந்தது வேலை.

பேக்கப் எடுப்பதற்கு முன்பு, டிஸ்க்கைச் சோதித்துத் திருத்தும் விண்டோஸின் செக்டிஸ்க்கை ஓட்டாதீர்கள். டிஸ்க் நலமாக இருக்கும்போது அது நல்ல கருவிதான். சாகக் கிடக்கும் டிஸ்க்கில் அது முழுப் பரப்பையும் மணிக்கணக்கில் படிக்க வைக்கலாம், கோப்பு அட்டவணையையும் திருத்தி எழுதலாம், மீட்கக்கூடியதும் போய்விடலாம். விண்டோஸ் வரவே இல்லை என்றால் லினக்ஸ் (விண்டோஸ் போன்ற இன்னொரு இயங்குதளம்) போட்ட பென் டிரைவில் பூட் செய்து கோப்புகளை நகல் எடுங்கள். நகல் நடுவில் நின்று நின்று போனால் ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருள் இருக்கிறது. சுலபமாகப் படிக்க முடிந்த பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, கெட்ட பகுதிகளுக்குக் கடைசியில் திரும்பி வரும். எதுவரை எடுத்தது என்று ஒரு கோப்பில் குறித்துவைப்பதால், பாதியில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நகலை வேறு டிஸ்க்கில்தான் எழுத வேண்டும் என்பதை மறக்காதீர்கள், மூலமும் இலக்கும் மாறிவிட்டால் எல்லாமே அழிந்துவிடும்.

புது டிஸ்க் வாங்குவது பற்றி: 05, சி5, சி6 மூன்றும் பூஜ்யம், கேபிள் மாற்றியதும் சரியாகிவிட்டது என்றால் அவசியம் இல்லை. வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத டிஸ்க்) வாங்குங்கள். உங்கள் போர்டில் பழைய சாட்டா 2 போர்ட் இருந்து நொடிக்கு 300 எம்பிதான் வரும் என்றாலும், பழைய ஹார்ட் டிஸ்க்கோடு பார்த்தால் வித்தியாசம் நன்றாகத் தெரியும். கெட்ட செக்டர் உள்ள டிஸ்க்கை அப்படியே குளோன் செய்யாதீர்கள், புதிதாக நிறுவிக் கோப்புகளை மட்டும் கொண்டுவாருங்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 உங்கள் கணினியை ஏற்காவிட்டால் லினக்ஸ் மின்ட் போட்டுப் பாருங்கள். பழைய டிஸ்க்கை ஆறு மாதமாவது பத்திரமாக வைத்திருங்கள், எடுக்க மறந்த கோப்பு ஒன்று எப்போதும் நினைவுக்கு வரும்.

05, சி5, சி6, சி7 நான்கின் எண்களையும், காத்திருந்து மறுபடி தொடங்கியபோது என்ன நடந்தது என்பதையும் எழுதுங்கள். பார்த்துச் சொல்கிறேன்.