நியூயார்க் நகர அரசில் கோடைக்கால இன்டர்ன்ஷிப்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

நியூயார்க் நகர அரசின் துறைகள் கோடைக்காலப் பயிற்சிப் பணிகளுக்கான அறிவிப்புகளைக் குளிர்காலத்திலேயே வெளியிடத் தொடங்கிவிடும். மே மாதம் செமஸ்டர் தேர்வு முடிந்த பிறகு விசாரிப்பவர்களுக்குப் பெரும்பாலும் மிச்சம் இருப்பது சம்பளமில்லாத இடங்களே. அதனால் வந்த கடிதங்களில் சம்பளத்துடன் கூடிய இன்டர்ன்ஷிப் பற்றிய கேள்விகளை மட்டும் தேர்ந்தெடுத்து இங்கே பதில் அளித்திருக்கிறேன்.

குவீன்ஸில் சிவில் எஞ்சினியரிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். மேயர் அலுவலகத்தில் இடம் கிடைத்தால்தான் ரெஸ்யூமேயில் எடுபடும் என்கிறார்கள் நண்பர்கள். எந்தத் துறைக்கு விண்ணப்பிப்பது நல்லது?

மேயர் அலுவலகம் என்ற பெயருக்கு மதிப்பு இருக்கிறது. அரசியல், பொது நிர்வாகம் படிப்பவர்களுக்கு அது பொருத்தமான இடமும்கூட. உங்கள் படிப்புக்கு நான் முதலில் சொல்வது சுற்றுச்சூழல் பாதுகாப்புத் துறையைத்தான். பெயரை வைத்து அதை மரம் நடும் துறை என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். நகரத்தின் குடிநீரும் கழிவுநீரும் அந்தத் துறையின் பொறுப்பு. 125 மைல் தொலைவு வரை பரந்துள்ள 19 நீர்த்தேக்கங்களிலிருந்தும் 3 ஏரிகளிலிருந்தும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 100 கோடி காலன் தண்ணீரைக் கொண்டுவந்து கொடுப்பதும், 14 கழிவுநீர் நிலையங்களையும் சுமார் 7,500 மைல் நீளமுள்ள கழிவுநீர்க் குழாய்களையும் பராமரிப்பதும் அதன் அன்றாட வேலை.

2021 செப்டம்பர் 1 இரவு ஐடா புயலின் மிச்ச மழை இந்த நகரத்தில் கொட்டியபோது, சென்ட்ரல் பார்க்கில் ஒரே மணி நேரத்தில் 3.15 அங்குலம் பதிவானது. நகரத்தின் மழைநீர்க் குழாய்கள் பொதுவாக மணிக்கு 1.75 அங்குல மழையைத் தாங்கும் அளவிலேயே வடிவமைக்கப்பட்டவை. அந்த இரவில் நகரில் 13 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் அடித்தளக் குடியிருப்புகளில் சிக்கியவர்கள், அதிலும் பலர் நீங்கள் வசிக்கும் குவீன்ஸைச் சேர்ந்தவர்கள். பெய்யும் மழைக்கும் குழாய்கள் தாங்கும் அளவுக்கும் இடையிலுள்ள இடைவெளியை எங்கே, எந்த வரிசையில், எவ்வளவு செலவில் குறைப்பது என்பதுதான் அந்தத் துறையின் முன் இருக்கும் கேள்வி. ஒரு மாணவர் கோடைக்காலம் முழுவதும் உழைப்பதற்கு இதைவிடத் தகுதியான வேலையை என்னால் சுட்டிக்காட்ட முடியவில்லை.

விண்ணப்பக் கடிதத்தில் 'பொதுச்சேவையில் ஆர்வம் உள்ளவன்' என்று எழுதுவதை விட்டுவிட்டு, ஒரு சிறு வேலையைச் செய்துவிட்டு எழுதுங்கள். 2012-ஆம் ஆண்டின் திறந்த தரவுச் சட்டத்தின்படி நகர அரசு தன் தரவுகளைப் பொதுமக்களுக்கு வெளியிடுகிறது. 311 என்ற எண்ணுக்கு வரும் புகார்களும் 2010 முதல் அதில் கிடைக்கின்றன. ஒவ்வொரு வரியிலும் புகார் பதிவான நேரம், முடித்துவைக்கப்பட்ட நேரம், பொறுப்பான துறை, புகாரின் வகை, தெருவின் பெயர், அஞ்சல் எண் ஆகியவை இருக்கும். உங்கள் அஞ்சல் எண்ணுக்குரிய வரிகளில் மழைநீர் வடிகால் வாய் அடைப்பு பற்றிய புகார்களை மட்டும் பிரித்தெடுத்து, எந்தத் தெருமுனை திரும்பத் திரும்ப வருகிறது, எத்தனை நாளில் முடித்துவைக்கப்பட்டது என்று பாருங்கள். ஒரு மழை நாளில் நேரில் போய் அந்த வடிகால் வாயையும் பார்த்துவிட்டு வாருங்கள். பிறகு நீங்கள் எழுதும் இரண்டு பத்திகள், தேர்வு செய்யும் அதிகாரியின் மேசையில் இருக்கும் மற்றக் கடிதங்களிலிருந்து தனியாகத் தெரியும்.

வரலாறு படிக்கும் மாணவிக்கு நகர அரசில் என்ன வேலை இருக்கப்போகிறது?

ஆவணங்கள் மற்றும் தகவல் சேவைகள் துறையைப் பாருங்கள். மன்ஹாட்டன் சேம்பர்ஸ் தெருவில் இருக்கும் நகர ஆவணக் காப்பகம் அதன் கீழ் வருகிறது. சொத்து வரி மதிப்பீட்டுக்காக 1939 முதல் 1941 வரை நகரத்தின் ஐந்து பெரும்பகுதிகளான பரோக்களிலும் கட்டடம் கட்டடமாக எடுக்கப்பட்ட படங்கள் அங்கே இருக்கின்றன. அவற்றைத் தேடி வருபவர்களில் ஆய்வாளர்கள் மட்டுமல்லாமல், தம் பாட்டனார் குடியிருந்த வீட்டைப் பார்க்க விரும்பும் சாதாரணக் குடும்பங்களும் உண்டு.

என் மகள் எச்-4 விசாவில் (வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்தினருக்கானது) இருக்கிறாள். கல்லூரி இரண்டாம் ஆண்டு. பள்ளிப்படிப்பு முழுவதும் இங்கேதான். அவள் தோழிகள் எல்லோரும் நகர இன்டர்ன்ஷிப்புக்கு விண்ணப்பிக்கிறார்கள். அவளுக்கு வழி இல்லையா? சம்பளம் வேண்டாம் என்று சொல்லிச் சேரலாமா?

அம்மா, இந்தக் கேள்வி ஒவ்வொரு ஆண்டும் வருகிறது. ஒவ்வொரு முறையும் வருத்தத்துடனேயே பதில் எழுதுகிறேன். எச்-4 விசாவில் இருக்கும் பிள்ளைகளுக்கு வேலை செய்யும் அனுமதி இல்லை. சில வாழ்க்கைத் துணைவர்களுக்குக் கிடைக்கும் எச்-4 வேலை அனுமதி அட்டை பிள்ளைகளுக்குப் பொருந்தாது. பணியில் சேரும் ஒவ்வொருவரும் ஐ-9 படிவத்தை நிரப்பி அடையாளத்தையும் வேலை உரிமையையும் நிரூபிக்க வேண்டும். அரசுத் துறையானாலும் தனியார் நிறுவனமானாலும் இதில் விலக்கு இல்லை.

சம்பளம் வாங்காமல் சேர்வதைப் பற்றி மிகுந்த கவனத்துடன் இருங்கள். மற்றவர்கள் சம்பளத்துக்குச் செய்யும் அதே வேலையைச் சம்பளமின்றிச் செய்தாலும் அது வேலைதான் என்று குடிவரவு அதிகாரிகள் கருத இடமிருக்கிறது. நாளை பச்சை அட்டைக்கான நேர்காணலில் அது அவளுக்கு எதிராக வந்து நிற்கக் கூடாது. இரண்டு வழிகளை வழக்கறிஞரிடம் கேட்டுப் பாருங்கள். பச்சை அட்டைக்கான ஐ-485 மனு மகளின் பெயரிலும் தாக்கலாகி நிலுவையில் இருந்தால், அதன் அடிப்படையில் மகள் தனக்கென வேலை அனுமதி அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். அப்படி இல்லையென்றால் எஃப்-1 மாணவர் நிலைக்கு மாறலாம். 21 வயதில் எச்-4 முடிந்துவிடும் என்பதால், இன்டர்ன்ஷிப்புக்காக இல்லாவிட்டாலும் இந்த உரையாடலைத் தள்ளிப்போடாதீர்கள்.

இந்தக் கோடையில் அவள் சும்மா இருக்க வேண்டியதில்லை. நகரத்தில் 59 சமூக வாரியங்கள், அதாவது பகுதிவாரியான ஆலோசனைக் குழுக்கள், இருக்கின்றன. அவற்றின் கூட்டங்கள் யாவருக்கும் திறந்தவை. விநாயகர் கோவில் இருக்கும் ஃப்ளஷிங் பௌன் தெருவுக்கு 2022-இல் கணேஷ் டெம்பிள் ஸ்ட்ரீட் என்ற கூடுதல் பெயர் கிடைத்ததை நம்மவர்கள் பலர் கொண்டாடினார்கள். நகரத்தில் ஒரு தெருவுக்குக் கூடுதல் பெயர் சூட்டும் கோரிக்கை வழக்கமாக அந்தப் பகுதியின் சமூக வாரியத்தில் தொடங்கி, 51 உறுப்பினர் கொண்ட நகர மன்றத்தின் சட்டமாக முடிகிறது. இப்படிப்பட்ட கோரிக்கை ஒன்றைத் தொடக்கம் முதல் ஒவ்வொரு கூட்டத்திலும் பின்தொடர்ந்து குறிப்பெடுப்பதற்கு எந்த அனுமதியும் தேவையில்லை. மேலே சொன்ன 311 தரவுப் பயிற்சியும் அப்படித்தான். அனுமதி கிடைக்கும் ஆண்டில் அந்தக் குறிப்புகள் அவளுக்கு நிச்சயம் கைகொடுக்கும்.

எஃப்-1 விசாவில் முதுகலை படிக்கிறேன். நகரத் துறை ஒன்று என்னைத் தேர்வு செய்திருக்கிறது. சி.பி.டி. (படிப்பின் அங்கமான பயிற்சிக்குரிய வேலை அனுமதி) எடுத்தால் பின்னால் ஓ.பி.டி. (பெரும்பாலும் பட்டம் பெற்றபின் எடுக்கும் வேலை அனுமதி) போய்விடுமா? சம்பளத்தில் என்னென்ன பிடிப்பார்கள்?

முழுநேர சி.பி.டி.யை 12 மாதம் அல்லது அதற்கு மேல் பயன்படுத்தினால்தான் அதே படிப்பு நிலைக்குரிய ஓ.பி.டி. போகும். பத்து வாரக் கோடைப் பணியால் அந்த ஆபத்து இல்லை. வேலை உங்கள் பாடத்திட்டத்தோடு இணைந்ததாக இருக்க வேண்டும் என்பதும், பொதுவாக ஓராண்டு முழுநேரப் படிப்பை முடித்திருக்க வேண்டும் என்பதும் விதி. பணியின் தொடக்க நாள், முடிவு நாள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், அலுவலக முகவரி ஆகியவை உள்ள கடிதத்தைத் துறையிடம் வாங்கிக் கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கொடுங்கள். உங்கள் மாணவர் நிலைக்கான ஐ-20 படிவத்தில் ஒப்புதல் பதிவாவதற்கு முன் ஒரு நாள்கூட, அறிமுகக் கூட்டத்துக்குக்கூட, போகாதீர்கள்.

நகர அலுவலகங்களில் வாரத்துக்கு 35 மணி நேர வேலைதான் பெரும்பாலும் வழக்கம். சம்பளம் துறைக்கும் படிப்புக்கும் ஏற்ப மாறும். கணக்குக்காக மணிக்கு 20 டாலர் என்று வைத்துக்கொண்டால் வாரத்துக்கு 700, பத்து வாரத்துக்கு 7,000 டாலர். சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் இரண்டுக்குமாக 7.65 சதவீதம் பிடித்தால் அதில் 535 டாலர் போய்விடும். எஃப்-1 மாணவர்களுக்கு முதல் ஐந்து காலண்டர் ஆண்டுகளுக்கு இந்தப் பிடித்தம் கிடையாது. டிசம்பரில் வந்து இறங்கியிருந்தாலும் அந்த ஆண்டு ஒன்றாகவே எண்ணப்படும். முதல் சம்பளச் சீட்டிலேயே பார்த்து, தவறாகப் பிடித்திருந்தால் சம்பளப் பிரிவில் உடனே சொல்லுங்கள். அவர்கள் திருத்தாவிட்டால் 843, 8316 படிவங்கள் மூலம் வருமான வரித்துறையிடம் திரும்பக் கேட்கலாம். இந்தியாவிலிருந்து வந்தவர் என்றால், இரு நாட்டு வரி ஒப்பந்தத்தின் 21-ஆம் பிரிவின்படி வரி கணக்கிடும்போது வருமானத்திலிருந்து கழிக்கப்படும் நிலையான கழிவையும் (ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன்) கோரலாம். வேறு பல நாட்டு மாணவர்களுக்கு இல்லாத சலுகை இது.

நாங்கள் நியூஜெர்சி எடிசனில் இருக்கிறோம். வெளியூர்க்காரர்களுக்கு நியூயார்க் நகர வருமான வரி கிடையாது என்று கேள்விப்பட்டோம். மகனுக்கும் அப்படித்தானே?

தனியார் நிறுவனத்தில் வேலை செய்தால் அப்படித்தான். நகர அரசிலேயே வேலை செய்தால் நிலைமை வேறு. நகர அரசின் அடிப்படைச் சட்டமான நகர சாசனத்தின் 1127-ஆம் பிரிவின்படி, 1973 ஜனவரி 4-க்குப் பிறகு பணியில் சேர்ந்தவர்கள் நகருக்கு வெளியே குடியிருந்தாலும், நகரவாசியாக இருந்தால் செலுத்த வேண்டிய வருமான வரிக்குச் சமமான தொகையை நகருக்குச் செலுத்த வேண்டும். சேரும்போது கையெழுத்திடும் தாள்களில் இதுவும் இருக்கும். வரிக் காலத்தில் இதற்கென்று தனிப் படிவமும் உண்டு. உங்கள் வரிக் கணக்கில் அவரைச் சார்ந்திருப்பவராகக் காட்டுகிறீர்கள், இன்டர்ன்ஷிப்பில் வரும் 7,000 டாலரைத் தவிர வேறு வருமானம் இல்லை என்றால், அந்தத் தொகை ஏறத்தாழ 120 டாலர் வரும். பெரிய தொகை இல்லை. தெரியாமல் விட்டுவிட்டு இரண்டு ஆண்டு கழித்து வட்டியுடன் கடிதம் வருவதுதான் தொல்லை. விண்ணப்பிக்கும் முன், அந்த இடம் நகரவாசிகளுக்கு மட்டுமா என்பதையும் அறிவிப்பில் பார்த்துவிடுங்கள்.

இன்டர்ன்ஷிப் முடித்தால் நிரந்தர வேலை கிடைக்குமா?

நேரடியாகக் கிடைக்காது. பணி நியமனமும் பதவி உயர்வும் தகுதியின் அடிப்படையில், இயன்றவரை போட்டித் தேர்வின் மூலம் நடக்க வேண்டும் என்று நியூயார்க் மாநில அரசியலமைப்பே சொல்கிறது. தேர்வு எழுதி, பட்டியலில் பெயர் வந்து, காலியிடம் ஏற்படும்போது முன்வரிசையிலுள்ள மூவரில் ஒருவரைத் துறை தேர்ந்தெடுக்கும். ஒரு பட்டியல் ஓராண்டு முதல் நான்கு ஆண்டு வரை செல்லும். இன்டர்ன்ஷிப் செய்ததற்குத் தனி மதிப்பெண் கிடையாது. ஆனால் எந்தப் பதவிக்கு எந்தத் தேர்வு, அது எப்போது நடக்கும் என்பதை அந்தப் பதவியில் இருப்பவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பு உள்ளே இருக்கும்போது கிடைக்கிறது. பட்டப்படிப்பின் கடைசி ஆண்டிலேயே தேர்வை எழுதிவிடுங்கள்.

ஒப்பந்தக்காரர் ஒருவர் எனக்கு மதிய உணவு வாங்கிக் கொடுக்க முன்வந்தால் ஏற்கலாமா?

மரியாதையாக மறுத்துவிடுங்கள். நகர சாசனத்தின் 68-ஆம் அத்தியாயம், சம்பளம் பெறாத பயிற்சியாளர் உட்பட எல்லா நகர ஊழியர்களையும் கட்டுப்படுத்துகிறது. நகரத்தோடு வணிகம் செய்பவரிடமிருந்து 50 டாலர் அல்லது அதற்கு மேல் மதிப்புள்ள பரிசைப் பெறுவது குற்றம். மதிய உணவின் விலை அந்த 50 டாலருக்குக் குறைவாக இருந்தாலும் பழக்கமாக்கிக்கொள்ளாதீர்கள். அலுவலக மின்னஞ்சல்களையும் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின் கீழ் யாரும் கேட்கலாம் என்பதால், அதே கவனத்தோடு எழுதுங்கள்.

சென்ற கோடையில் ஒரு துறையில் சேர்ந்தேன். பத்து வாரமும் கோப்புகளை ஸ்கேன் செய்ததுதான் மிச்சம். இந்த முறையும் அப்படி ஆகாமல் இருக்க என்ன செய்வது?

நேர்காணலில் நீங்களும் கேள்வி கேளுங்கள்: என் மேற்பார்வையாளர் யார், ஆகஸ்டில் நான் விட்டுச் செல்லும் வேலை என்னவாக இருக்கும், சென்ற ஆண்டுப் பயிற்சியாளர் எதை முடித்துக் கொடுத்தார்? தெளிவான பதில் இல்லாத பிரிவில், பெரிய பெயர் இருந்தாலும், சேராதீர்கள். நகர அரசின் நிதியாண்டு ஜூன் 30-இல் முடிவதால் ஜூன் மாதத்தில் பல மேலாளர்களுக்குத் தலை நிமிர நேரம் இருக்காது. முதல் இரண்டு வாரத்தில் கவனிக்கவில்லை என்று மனம் நோகாமல், ஜூலை முதல் வாரத்தில் அரை மணி நேரம் கேட்டு வாங்கி, நீங்கள் செய்ய விரும்பும் ஒரு வேலையை ஒரே பக்கத்தில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள். அதற்கும் பயன் இல்லையென்றால் துறையின் இன்டர்ன்ஷிப் ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லி வேறு பிரிவுக்கு மாற்றித் தரக் கேட்கலாம். ஜூலையில் கேட்பவர்களுக்கு ஏற்பாடு செய்ய நேரம் இருக்கும், ஆகஸ்டில் இருக்காது.