அடித்தகட்டில் கறுப்புப் பூச்சு: துரு போகுமா, ஒளியுமா?

கேள்வி: அப்பா 1972-இல் வாங்கிய ஃபோக்ஸ்வாகன் பீட்டிலைச் சீர்செய்கிறேன். அடித்தகட்டில் அங்கங்கே துரு. "காற்றழுத்தத்தில் மணல் அடித்து, சொரசொரப்பான கறுப்பு ரப்பர் பூச்சைத் தடிப்பாக அடித்துவிட்டால் ஆயுசுக்கும் கவலையில்லை" என்கிறார் பானல் பீட்டர் (வண்டித் தகட்டு வேலை செய்பவர்). நம்பலாமா? – டர்பன் சாட்ஸ்வொர்த் வாசகர்

பதில்: நம்ப வேண்டாம், தம்பி. கல் தெறித்துப் பெயிண்ட் பெயராமல் காக்கத்தான் அந்தச் சொரசொரப்பு. மணல் அடித்தும் மிச்சமிருக்கும் துருவின் மேல் அடித்தால் உப்பும் ஈரமும் உள்ளே மாட்டிக்கொள்ளும். மேலே கறுப்பு மின்னும், அடியில் தகடு அரிக்கும். நம் டர்பன் கடற்காற்றில் அது இன்னும் வேகமாக நடக்கும்.

முதலில் துருவை இரும்பு தெரியும்வரை எடுக்க வேண்டும். ஓட்டை விழுந்த இடத்தை வெட்டி, புதுத் தகடு வெல்டிங் செய்ய வேண்டும். மணலைக் கண்டபடி வேகமாக அடித்தால் மெல்லிய தகடு நெளிந்துவிடும், கை தெரிந்தவரிடம் கொடுங்கள். சுத்தம் செய்த இரும்பை ஓர் இரவுகூடச் சும்மா விடாதீர்கள். கோடைப் புழுக்கத்தில் மறுநாளே மேலே செம்மை படரும். அன்றைக்கே இரண்டு டின் கலக்கும் எபாக்ஸி பிரைமர், பிறகு மூட்டுகளின் இடுக்கை அடைக்க சீலர், கடைசியில்தான் கறுப்புப் பூச்சு.

மலிவான தார் வகை வேண்டாம். நாளாக நாளாக அது காய்ந்து வெடிக்கும், வெடிப்பில் தண்ணீர் ஏறும். கல் தெறிப்பைத் தாங்கும், மேலே பெயிண்ட் அடிக்கக்கூடிய ஸ்டோன் சிப் வகை போதும். ஹார்டனர் (பூச்சை இறுகவைக்கும் திரவம்) கலக்கும் பாலியூரித்தேன் வகை உறுதியானது. ஆனால் அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் உண்டு, நுரையீரலைக் கெடுக்கும், தூசி முகமூடி அதைத் தடுக்காது. வெளிக்காற்று குழாயில் வரும் முகமூடி இல்லாத கடையில் அதை அடிக்க விடாதீர்கள்.

தடிப்பாக ஒரே அடியாக அடிப்பதும் தவறு, உள்ளே கரைப்பான் காயாமல் நிற்கும். மெல்லிய இரண்டு கோட் போதும். தண்ணீர் வடியும் துளை, பிரேக் குழாய், மரை எல்லாவற்றையும் டேப் ஒட்டி மறைக்கச் சொல்லுங்கள்.

நான் அதிகம் பயப்படுவது பழைய வண்டி விற்கும் இடைத்தரகர்களுக்கு. புதுக் கறுப்பு மின்ன ஒரு பீட்டிலை வாங்கி வந்தவர் என்னிடம் காட்டினார். ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டினேன், உள்ளே போய்விட்டது. பூச்சுக்குக் கீழே ஃபைபர்கிளாஸும் புட்டியும்தான் இருந்தன. அதனால் வேலை நடக்கும்போது நேரில் போங்கள். வெற்று இரும்பை உங்கள் கண்ணால் பார்க்காமல், படம் எடுக்காமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள்.

உள்ளேயும் பூச்சடிக்கப் போகிறார்கள் என்றால் ஒரு இடம் மட்டும் விலக்கு: பின் சீட்டுக்கு அடியில், வண்டியின் நடுவே நீளமாக ஓடும் தகட்டுச் சுரங்கத்தின் மேல் பொறித்திருக்கும் சேசிஸ் எண். அதைத் தேய்க்கவோ, மணல் அடிக்கவோ, மூடவோ கூடாது. எண் படிக்க முடியாமல் போனால் போலீஸ் கிளியரன்ஸில் (திருட்டு வண்டி இல்லை என்று போலீஸ் பார்த்துத் தரும் சான்று) மாட்டுவீர்கள். அப்பாவின் வண்டி என்று சொன்னால் கவுன்டரில் யாரும் காதில் வாங்கப்போவதில்லை. தாளில் உள்ள எண்ணும் இரும்பில் உள்ள எண்ணும் ஒத்துப்போக வேண்டும், அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரியும். நேர்மையானவன் அலைவதும் திருட்டு வண்டி விற்றவன் தப்புவதும் எனக்கு ஆறவே இல்லை. வேலை தொடங்குமுன் எண்ணைத் தெளிவாகப் படம் எடுங்கள், டேப் ஒட்டி மறையுங்கள், முடிந்ததும் அதன் மேல் நிறமற்ற மெழுகு மட்டும் தடவுங்கள்.