வீடு துப்புரவுத் தொழில்: சம்பளத்துக்கு ஆள் வைப்பதா, 'செல்ஃப் எம்ப்ளாய்ட்' (சுயதொழில் செய்பவர்) ஆக எடுப்பதா?

லண்டன் ஹரோவிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "சில வருடங்களாகத் தனியாளாக வீடுகளைச் சுத்தம் செய்து வருகிறேன். இப்போது என் ஒருத்தியால் பார்க்க முடியாத அளவுக்கு வீடுகள் சேர்ந்துவிட்டன. நான்கு பெண்கள் வேலைக்கு வரத் தயார். அதில் ஒருவர் மாணவர் விசாவில் பல்கலைக்கழகத்தில் படிப்பவர். வாடிக்கையாளரிடம் மணிக்கு 20 பவுண்டு நான் வாங்கி, அவர்களுக்கு 13 பவுண்டு கொடுக்கலாம் என்று எண்ணம். என் கம்பெனிப் பெயர் போட்ட டீ ஷர்ட்டும் அடித்தாயிற்று. 'எல்லாரையும் செல்ஃப் எம்ப்ளாய்ட் என்று எழுதி வாங்கிவிடு, ஒரு தலைவலியும் இல்லை' என்கிறார்கள். செய்யலாமா?"

செய்யாதீர்கள். வீட்டை ஒதுக்குவது நீங்கள், விலை சொல்வது நீங்கள், பணம் வாங்குவது நீங்கள், உடுப்பும் உங்களுடையது. இந்த ஏற்பாட்டில் அந்த நால்வரும் செல்ஃப் எம்ப்ளாய்ட் ஆக முடியாது. அவர்களே மனமொத்துக் கையெழுத்துப் போட்டாலும் நிலைமை மாறாது. பிரித்தானியச் சட்டம் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதோடு நிற்காமல், வேலை நடைமுறையில் எப்படி நடக்கிறது என்று பார்க்கும்.

2011இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன ஆட்டோகிளென்ஸ் வழக்கு உங்கள் தொழிலுக்கு மிக நெருக்கமானது. கார் கழுவித் துடைக்கும் இருபது பேர் தொடுத்த வழக்கு அது. 'நாங்கள் சொந்தத் தொழில் செய்பவர்கள், எங்களுக்குப் பதிலாக வேறு ஆளை அனுப்பலாம், வேலைக்கு வந்தே ஆக வேண்டும் என்றில்லை' என்று ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதியிருந்தது. வரியையும் அவர்களே கட்டி வந்தார்கள். ஆனால் நடைமுறையில் யாரும் மாற்றாள் அனுப்பவில்லை. எல்லாரும் நாள்தோறும் வந்து, நிறுவனம் சொன்னபடி வேலை பார்த்தார்கள். ஒப்பந்த வாசகத்தை ஒதுக்கி வைத்த நீதிமன்றம், இவர்கள் ஊழியர்களே என்றது. 2021இல் ஊபர் ஓட்டுநர்கள் வழக்கிலும் ஒப்பந்த வாசகத்தை விட்டு நடைமுறையைத்தான் பார்த்தது.

இங்கே பலருக்குத் தெரியாதது, நடுவில் இன்னொரு வகை இருப்பது. எம்ப்ளாயி (ஊழியர்) ஒரு பக்கம், செல்ஃப் எம்ப்ளாய்ட் மறுபக்கம், இடையில் 'வொர்க்கர்'. ஊபர் ஓட்டுநர்களை நீதிமன்றம் சேர்த்தது இந்த வகையில்தான். முழு ஊழியராக இல்லாவிட்டாலும் வொர்க்கர் என்ற நிலை வந்தாலே குறைந்தபட்சச் சம்பளமும் விடுமுறைச் சம்பளமும் உண்டு. ஆக, ஊழியர் இல்லை என்று நீங்கள் வாதிட்டு வென்றாலும், பெரிய செலவுகள் இரண்டும் உங்கள் தலையில்தான்.

சரி, சம்பளத்துக்கு வைத்தால் கட்டுமா? கணக்குப் போட்டுப் பாருங்கள். 2026 ஏப்ரல் முதல் 21 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குக் குறைந்தபட்சம் மணிக்கு 12.71 பவுண்டு. ஒரு வீட்டில் இரண்டு மணி நேர வேலை, அங்கிருந்து அடுத்த வீட்டுக்குப் போக 20 நிமிடம் என்று வையுங்கள். வீட்டுக்கு வீடு போகும் நேரமும் சம்பள நேரம்தான். துப்புரவுத் தொழிலில் பலர் வழுக்குவது இங்கேதான். இரண்டு மணி இருபது நிமிடத்துக்கு 29.66 பவுண்டு. விடுமுறைச் சம்பளம் வருடத்துக்கு 5.6 வாரம், ஒழுங்கற்ற நேரம் வேலை செய்பவர்களுக்கு அதை 12.07 சதவீதமாகக் கணக்கிடுவார்கள். சேர்த்தால் ஏறக்குறைய 33.24. நீங்கள் வாங்கியதோ 40 பவுண்டு. மிஞ்சிய ஆறே முக்கால் பவுண்டில் துப்புரவு மருந்து, துணி, காப்புறுதி, போக்குவரத்து, வேலையாள் வராத நாளின் நட்டம் எல்லாம் அடங்க வேண்டும். அடங்காது. என் கருத்தில் 20 பவுண்டு உங்கள் தனியாள் விலை. ஆள் வைத்து நடத்தும் விலை அல்ல. முதலில் விலையை உயர்த்துங்கள், அல்லது ஒரே தெருவில், ஒரே அஞ்சல் குறியீட்டில் வீடுகளைச் சேர்த்து நடை நேரத்தைக் குறையுங்கள். 'செல்ஃப் எம்ப்ளாய்ட்' என்று எழுதி இந்த இடைவெளியை நிரப்பினால், நிரப்புவது அந்தப் பெண்களின் விடுமுறைச் சம்பளத்தால்.

சம்பளத்தின் மேல் அரசுக்குக் கட்டும் நேஷனல் இன்சூரன்ஸைக் கண்டு அதிகம் பயப்படாதீர்கள். ஒருவரின் ஆண்டுச் சம்பளத்தில் 5,000 பவுண்டுக்கு மேற்பட்ட பகுதிக்கு முதலாளி 15 சதவீதம் கட்ட வேண்டும் என்பது உண்மை. ஆனால் எம்ப்ளாய்மென்ட் அலவன்ஸ் என்று ஆண்டுக்கு 10,500 பவுண்டு வரை கழிவு கிடைக்கிறது. ஆளுக்கு 12,000 பவுண்டு வாங்கும் நால்வருக்குச் சேரும் தொகை 4,200தான், கழிவிலேயே தீர்ந்துவிடும். ஓய்வூதியச் சேமிப்பில் தானாகச் சேர்க்க வேண்டியது, 22 வயது நிறைந்து ஆண்டுக்கு 10,000 பவுண்டுக்கு மேல் வாங்குபவர்களை மட்டுமே. அவர்களுக்கு உங்கள் பங்கு குறைந்தது 3 சதவீதம், அதுவும் முழுச் சம்பளத்துக்கு அல்ல, 6,240 பவுண்டுக்கு மேற்பட்ட பகுதிக்கு.

நேர்மையான இன்னொரு வழியும் உண்டு: அறிமுகம் செய்து வைப்பது. துப்புரவு செய்பவரையும் வீட்டுக்காரரையும் சேர்த்துவைத்து, வீட்டுக்காரரிடம் கட்டணம் வாங்கிக்கொண்டு விலகி நிற்பது. மணிக்கூலியை வீட்டுக்காரர் நேரே அவரிடம் கொடுப்பார். நேரமும் வேலை முறையும் அவர்களுக்குள். உங்கள் கட்டணம் மட்டுமே உங்கள் வருமானம் என்பதால், வாட் (மதிப்புக் கூட்டு வரி) பதிவுக்கான 90,000 பவுண்டு வரம்பும் எட்டத்தில் இருக்கும். வேலை தேடித் தருவதற்காக அந்தப் பெண்ணிடம் பணம் வாங்கக் கூடாது. 1973ஆம் ஆண்டின் எம்ப்ளாய்மென்ட் ஏஜென்சிச் சட்டம் தடுக்கிறது. டீ ஷர்ட், மேற்பார்வை, 'நாளைக்கு நீ இன்ன வீட்டுக்குப் போ' என்ற குறுஞ்செய்தி எதுவும் இருக்கக் கூடாது. வேலையின் தரத்தைத் தன் கையில் வைத்துக்கொள்ள விரும்பும் உங்களுக்கு இது பிடிக்காது என்றே நினைக்கிறேன்.

அந்த மாணவியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மாணவர் விசாவில் சுயதொழில் செய்வதற்கே அனுமதி இல்லை. நீங்கள் அவரைச் செல்ஃப் எம்ப்ளாய்ட் ஆக்கினால் வரிச் சிக்கலை விடப் பெரிய ஆபத்தில் தள்ளுகிறீர்கள்: அவருடைய விசாவே போகலாம். சம்பளத்துக்கு வைக்கலாம், பட்டப்படிப்பு மாணவருக்குப் பொதுவாகத் தவணைக் காலத்தில் வாரம் 20 மணி நேரம் வரை. வேறு கடையிலும் வேலை செய்தால் அந்த நேரமும் இந்த இருபதுக்குள் சேரும், கேட்டுக்கொள்ளுங்கள். அவருடைய 'ஷேர் கோட்' (வேலை செய்யும் உரிமையை இணையத்தில் காட்டும் குறியீடு) வாங்கி அரசு இணையத்தளத்தில் சரிபார்த்து, அந்தப் பக்கத்தையும் பல்கலைக்கழகத் தவணைத் தேதிகளையும் கோப்பில் வையுங்கள். உரிமை இல்லாதவரை வேலைக்கு வைத்தால் முதல் தடவையே ஆளுக்கு 45,000 பவுண்டு வரை அபராதம் வரலாம். மற்ற மூவருக்கும் வேலை செய்யும் உரிமையைச் சரிபார்த்தே ஆக வேண்டும். தெரிந்தவர், சொந்தக்காரர் என்று ஒருவரை விடாதீர்கள்.

முதல் நாள் வேலைக்கு அவர்களை அனுப்பும் முன் எம்ப்ளாயர்ஸ் லயபிலிட்டி காப்புறுதி (வேலையால் ஆளுக்குக் காயமோ நோயோ வந்தால் முதலாளியின் பொறுப்பை ஏற்பது) எடுத்துவிடுங்கள். சட்டப்படி குறைந்தது 50 லட்சம் பவுண்டுக்கு. இல்லாத ஒவ்வொரு நாளுக்கும் 2,500 பவுண்டு வரை அபராதம். இப்போது நீங்கள் வைத்திருக்கும் பொதுப் பொறுப்புக் காப்புறுதி உங்கள் ஒருவருக்கே எடுத்ததாக இருக்கும். வேறொருவர் கையால் கம்பளம் பாழானாலும், வீட்டுச் சாவி தொலைந்தாலும் செல்லுமா என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். முதல் சம்பள நாளுக்கு முன் வரித்துறையான எச்எம்ஆர்சியிடம் முதலாளியாகப் பதிவு செய்யுங்கள், ஆனால் இரண்டு மாதத்துக்கு மேல் முந்திப் பதிய முடியாது. வேலை நேரம், சம்பளம், விடுமுறை எழுதிய தாளை ஒவ்வொருவர் கையிலும் முதல் நாளே கொடுத்துவிடுங்கள்.