பொறியியல் நுழைவுத் தேர்வை ரத்து செய்ததால்தான் மாணவர்களின் தரம் குறைந்துவிட்டதா?

பொறியியல் கல்லூரியில் முதலாண்டுக்குக் கணக்குப் பாடம் எடுப்பவன் நான். இந்தக் கேள்வியை என்னிடம் கேட்பவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்தத் தேர்வை எழுதி உள்ளே வந்தவர்கள். "எங்க காலத்துல..." என்றுதான் ஆரம்பிப்பார்கள்.

இளையவர்களுக்காகச் சுருக்கமாக: எண்பதுகளின் நடுவிலிருந்து 2006 வரை தமிழ்நாட்டில் பொது நுழைவுத் தேர்வு இருந்தது. கட் ஆஃப் 300-க்கு. பிளஸ் டூ கணக்குக்கு 100, இயற்பியல், வேதியியலுக்குத் தலா 50, நுழைவுத் தேர்வுக்கு 100. கல்வியாளர் அனந்தகிருஷ்ணன் தலைமையில் அரசு அமைத்த குழுவின் அறிக்கைக்குப் பின் தேர்வை ரத்து செய்யும் சட்டம் வந்தது, 2007 சேர்க்கையிலிருந்து அந்தக் கடைசி 100 போய்விட்டது.

தரம் குறைந்திருக்கிறதா என்றால், குறைந்திருக்கிறது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பிளஸ் டூ கணக்கில் தொண்ணூறுக்கு மேல் வாங்கிய பையன் √(x² + 9) என்பதை x + 3 என்று எழுதிவிட்டுக் கூலாக அடுத்த வரிக்குப் போகிறான். (a + b)/a-வில் மேலும் கீழும் உள்ள a-வை அடித்துவிட்டு b என்று விடை போடுகிறார்கள். அதே பையனிடம் மேட்ரிக்ஸ் பாடத்தில் வரும் கேலி-ஹாமில்டன் தேற்றம் கேளுங்கள், ஒரு படி விடாமல் எழுதிக் கொடுப்பான். கணக்கில் x இருக்கும் இடத்தில் t போட்டால் மட்டும் "சார், இந்த மாடல் நீங்க நடத்தலையே" என்பான்.

ஆனால் பழியை நுழைவுத் தேர்வு ரத்தின் மேல் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. தேர்வு ஆட்களை வரிசைப்படுத்தும், அவ்வளவுதான். பாடம் நடத்தாது. 2007-க்குப் பின் கல்லூரிகள் பெருகி ஒரு கட்டத்தில் ஐநூறைத் தாண்டின, வருடா வருடம் இடங்கள் காலியாகக் கிடந்தன. இந்த நிலையில் நாளைக்கே நுழைவுத் தேர்வு திரும்பி வந்தாலும் கிண்டி பொறியியல் கல்லூரிக்குள் யார் போவது என்பதுதான் மாறும். என் வகுப்புக்கு வரும் பையன் அதே பையன்தான்.

அமெரிக்காவைக் காட்டிப் பேசுபவர்களும் உண்டு. கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் 2020-இல் எஸ்ஏடி என்ற நுழைவுத் தேர்வின் மதிப்பெண்ணைக் கைவிட முடிவெடுத்தது. 2025 நவம்பரில் அதன் சான் டியாகோ வளாகமே ஓர் அறிக்கை வெளியிட்டது: புதிதாகச் சேர்ந்தவர்களில் ஏறத்தாழ எட்டில் ஒருவருக்கு உயர்நிலைப் பள்ளிக் கணக்கே சரியாக வரவில்லை. உண்மைதான். ஆனால் அங்கே மதிப்பெண் போடுவது அந்தந்தப் பள்ளி. ஒரு பள்ளியின் ஏ கிரேடும் இன்னொரு பள்ளியின் ஏ கிரேடும் ஒன்றல்ல. கொரோனாவையும் தாராளமாக மதிப்பெண் போடுவதையும்கூட அந்த அறிக்கை காரணமாகச் சொல்கிறது. நம் பிளஸ் டூவோ மாநிலம் முழுக்க ஒரே வினாத்தாள். பொதுத் தேர்வு நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதில் என்ன கேட்கிறோம் என்பதுதான் கோளாறு.

என்னைக் கேட்டால் அடி விழுந்த இடம் பதினொன்றாம் வகுப்பு. பல தனியார் பள்ளிகளில் பிளஸ் ஒன் சேர்ந்த மறு மாதமே பிளஸ் டூ பாடம் தொடங்கிவிடும். புக் பேக் ஒரு மார்க், முந்தைய வருட வினாத்தாள், ரிவிஷன் டெஸ்ட், மறுபடி ரிவிஷன் டெஸ்ட் என்று இரண்டு வருடம் ஒரே புத்தகம். எல்லை (லிமிட்), வகையிடல் (டிஃபரன்ஷியேஷன்) எல்லாம் ஆரம்பமாவதும், முக்கோணவியல் விரிவாக வருவதும் பிளஸ் ஒன் புத்தகத்தில். முதல் செமஸ்டரில் எனக்குத் தேவைப்படுவதும் அதேதான். அந்தப் புத்தகத்தைத் திறக்காமலே சென்டம் வாங்க வழி இருந்தபோது யார் திறப்பார்கள்?

இதை நிறுத்தத்தான் 2017-18-இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத் தேர்வு கொண்டு வந்தார்கள். குழந்தைகளுக்குச் சுமை என்று 2025-இல் எடுத்தும்விட்டார்கள். சுமை என்பது பொய்யில்லை, வரிசையாக மூன்று வருடம் பொதுத் தேர்வு எந்தப் பிள்ளைக்கும் கஷ்டம்தான். ஆனால் பிளஸ் ஒன் பாடத்தை நடத்தாத பள்ளியை இனி யார் கேட்பார்கள் என்பதற்கு எனக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை.

சேர்ந்த பிறகாவது ஈடுகட்டலாம் என்றால், தொழில்நுட்பக் கல்லூரிகளுக்கான மத்திய அமைப்பான ஏஐசிடிஇ சொன்ன மூன்று வார அறிமுகப் பயிற்சி இருக்கிறது. பல இடங்களில் அது யோகா, மரம் நடுதல், தன்னம்பிக்கைப் பேச்சாளர் என்று போய்விடும். (பேச்சாளர்கள் எல்லாரும் ஏன் ஒரே தவளைக் கதையைச் சொல்கிறார்கள் என்பது தனிக் கேள்வி.) அந்த மூன்று வாரத்தின் முதல் நாளில் பத்தாம் வகுப்பு இயற்கணிதத்திலும் பிளஸ் ஒன் வகையிடலிலும் ஒரு சின்னத் தேர்வு வைத்து, தடுமாறுபவர்களைத் தனியாக உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தாலே முதல் செமஸ்டர் அரியரில் நிறையக் குறையும். இதற்குச் சட்டமும் வேண்டாம், கவுன்சலிங்கில் கை வைக்கவும் வேண்டாம்.

உங்கள் வீட்டில் இந்த வருடம் யாராவது பொறியியல் சேர்கிறார்கள் என்றால், கவுன்சலிங் முடிந்து கல்லூரி திறக்கும்வரை உள்ள நாட்களில் பிளஸ் ஒன் கணக்குப் புத்தகத்தின் முக்கோணவியல், வகையிடல், தொகையிடல் (இன்டகிரேஷன்) பாடங்களை மட்டும் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அரசின் பாடநூல் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.