மசோதா எப்போது வரும்? வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: 'சட்டம் கொண்டுவருவோம்' என்று அமைச்சர்கள் சொல்லிவிடுகிறார்கள். எதிர்க்கட்சி எம்.பி. யாராவது 'எப்போது?' என்று கேட்டால் 'பரிசீலனையில் உள்ளது' என்று ஒரே வரியில் பதில் முடிந்துவிடுகிறது. இப்படிக் கேட்டு என்ன புண்ணியம்? (திண்டுக்கல் வாசகி)

புண்ணியம் இருக்கிறது. ஆனால் அது கைக்கு வந்து சேர ஆண்டுக்கணக்கில் ஆகிறது, அதுதான் வேதனை. நீங்கள் ஒரு பெண் என்பதால் மக்களவையிலும் சட்டமன்றங்களிலும் மூன்றில் ஒரு பங்கு இடத்தைப் பெண்களுக்கு ஒதுக்கும் மகளிர் இட ஒதுக்கீட்டு மசோதாவையே எடுத்துக்கொள்வோம். தேவகவுடா ஆட்சியில், 1996 செப்டம்பரில் முதன்முதலாகத் தாக்கல் ஆனது. கீதா முகர்ஜி தலைமையிலான கூட்டுக் குழு சில மாதங்களிலேயே அறிக்கை கொடுத்தும் நிறைவேறவில்லை. 1998-ல் வாஜ்பாய் ஆட்சியில் சட்ட அமைச்சராக இருந்த நம்ம தம்பிதுரை அதைக் கொண்டுவந்தபோது, லாலு பிரசாத்தின் ஆர்.ஜே.டி. கட்சி உறுப்பினர் ஒருவர் பிரதியைப் பிடுங்கி அவையிலேயே கிழித்துப் போட்டார். 2010 மார்ச் 9-ம் தேதி, ரகளை செய்து இடைநீக்கம் ஆன உறுப்பினர்களை அவைக் காவலர்கள் தூக்கிக்கொண்டு போய் வெளியே விட்ட பிறகு, மாநிலங்களவையில் 186-க்கு 1 என்ற கணக்கில் நிறைவேறியது. அப்புறம் நான்கு ஆண்டுகள் மன்மோகன் சிங் அரசு அதை மக்களவையில் வாக்கெடுப்புக்கே கொண்டுவரவில்லை. 2014-ல் மக்களவை கலைந்ததும் மசோதாவும் காலாவதி.

அடுத்து வந்த பா.ஜ.க. இதைத் தன் தேர்தல் அறிக்கையிலேயே வாக்குறுதியாகக் கொடுத்திருந்தது. ஆனாலும் ஒன்பது ஆண்டுகள் நாடாளுமன்றத்தில் யார் கேட்டாலும் 'எல்லாத் தரப்பையும் கலந்து பேசி, கருத்தொற்றுமை ஏற்பட்ட பிறகு' என்ற பதிலே வந்தது. 2023 செப்டம்பரில் திடீரென்று சிறப்புக் கூட்டத்தொடரில் மசோதா வந்தபோது கனிமொழி எழுந்து, நான் எத்தனையோ முறை கேட்டபோதெல்லாம் கருத்தொற்றுமை வேண்டும் என்றீர்களே, யாரோடு பேசினீர்கள், என்ன கருத்தொற்றுமை உருவானது, ஏன் இவ்வளவு ரகசியம் என்று கேட்டார். அந்தக் கேள்வியை அவரால் கேட்க முடிந்ததற்குக் காரணம், முந்தைய பதில்கள் எல்லாம் அவைக் குறிப்பில் இருந்ததுதான். 'பரிசீலனையில் உள்ளது' என்ற ஒரு வரியை நீங்கள் வீண் என்று நினைக்கிறீர்கள். எனக்கு அது அரசு தன் கைப்பட எழுதிக் கொடுத்த சாட்சி.

மசோதா மக்களவையில் 454-க்கு 2, மாநிலங்களவையில் 214-க்கு 0 என்று நிறைவேறியது. ஆனால் சட்டத்துக்குள்ளேயே 'அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, அதன்பின் தொகுதி மறுவரையறை, அதற்கப்புறம்தான் ஒதுக்கீடு' என்று எழுதிவைத்துவிட்டார்கள். 2024 தேர்தல் ஒதுக்கீடு இல்லாமலே நடந்து, 543 பேர் கொண்ட மக்களவைக்கு 74 பெண்கள்தான் போனார்கள். ஆக, 'எப்போது வரும்?' என்ற கேள்வி சட்டம் நிறைவேறிய அன்றைக்கே 'எப்போது அமலாகும்?' என்று மாறிவிட்டது. இதையும் கேட்டுக்கொண்டேதான் இருக்க வேண்டும்.

கேள்வி: சபையில் அமைச்சர் கொடுத்த வாக்கைக் காப்பாற்றாவிட்டால் கேட்க ஆளே இல்லையா? (கும்பகோணம் வாசகர்)

இருக்கிறார்கள். அரசு உறுதிமொழிக் குழு என்று ஒன்று, மக்களவையில் 1953-லிருந்து இருக்கிறது. 15 உறுப்பினர்கள், அமைச்சர் யாரும் அதில் இருக்க முடியாது. மாநிலங்களவையிலும் தனியாக ஒன்று உண்டு. நம் சட்டமன்றத்தின் உறுதிமொழிக் குழு மாவட்டம் மாவட்டமாக ஆய்வுக்கு வருவதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள், கிட்டத்தட்ட அதே வேலை. 'பரிசீலனையில் உள்ளது', 'விசாரித்துச் சொல்கிறேன்' என்று அமைச்சர் சொன்னால் அதெல்லாம் உறுதிமொழிக் கணக்கில் ஏறும். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்றி அவை முன் அறிக்கை வைக்க வேண்டும். தாமதமானால் அதிகாரிகளைக் கூப்பிட்டுக் கேட்கலாம்.

சிக்கல் எங்கே என்றால், அமைச்சகம் கால நீட்டிப்பு கேட்கலாம், அது முடிந்ததும் இன்னொன்று கேட்கலாம், கடைசியில் 'இதைக் கைவிட அனுமதியுங்கள்' என்றுகூடக் கேட்கலாம். தண்டனை என்று எதுவும் கிடையாது. குழுவின் அறிக்கை மேசையில் வைக்கப்படுகிறது, அதோடு சரி, பெரும்பாலும் விவாதம்கூட நடப்பதில்லை. மசோதா கொண்டுவருவதாகச் சொல்லி ஓராண்டு கடந்துவிட்டால், சம்பந்தப்பட்ட அமைச்சர் அவையில் நின்று காரணம் சொல்லியே ஆக வேண்டும் என்று விதியைத் திருத்த வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எந்தக் கட்சி ஆண்டாலும் இதையேதான் சொல்வேன்.

கேள்வி: அரசுதான் கொண்டுவர மாட்டேன் என்கிறது, எதிர்க்கட்சி எம்.பி. தானே ஒரு மசோதா போட்டால் ஆகாதா? (விழுப்புரம் வாசகி)

ஆகும். வெள்ளிக்கிழமை பிற்பகல் அதற்கென்றே ஒதுக்கிய நேரம். தனிநபர் மசோதா என்பார்கள். ஆனால் சுதந்திரத்துக்குப் பிறகு சட்டமானவை மொத்தமே 14, கடைசியாக ஒன்று சட்டமானது 1970-ல்.

இருந்தும் ஒரு வெள்ளிக்கிழமையைச் சொல்லியே ஆக வேண்டும். 2015 ஏப்ரல் 24. திருநங்கைகள், திருநம்பிகள் உரிமைக்காகத் தி.மு.க.வின் திருச்சி சிவா மாநிலங்களவையில் கொண்டுவந்த மசோதா விவாதத்துக்கு வந்தது. கல்வியிலும் அரசு வேலையிலும் ஒதுக்கீடு, தேசிய ஆணையம், தனி நீதிமன்றம் எல்லாம் அதில் இருந்தன. அவர்களை மூன்றாம் பாலினமாக அங்கீகரித்த உச்ச நீதிமன்றத்தின் நல்சா தீர்ப்பு வந்து ஓராண்டு ஆகியிருந்த நேரம். சமூக நீதித் துறை அமைச்சர் தாவர்சந்த் கெலாட், அரசே மசோதா கொண்டுவரும், நீங்கள் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள் என்று கேட்டார். வழக்கமாக அந்த இடத்தில் உறுப்பினர் நன்றி சொல்லி உட்கார்ந்துவிடுவார், விவாதத்துக்கு வந்த தனிநபர் மசோதாக்கள் பல அப்படித்தான் முடிந்திருக்கின்றன. சிவா உட்காரவில்லை. வாக்கெடுப்பு வேண்டும் என்று நின்றார். குரல் வாக்கெடுப்பில் மசோதா ஒருமனதாக நிறைவேறியது.

மக்களவையில் அது நிறைவேறவில்லை, உண்மைதான். அரசு 2016-ல் தன் மசோதாவைக் கொண்டுவந்தது. 'முழுமையாக ஆணும் அல்ல, பெண்ணும் அல்ல' என்பது போன்ற வரையறையோடு வந்து, அந்தச் சமூகத்தினரே தெருவில் இறங்கிப் போராடி, பிச்சை எடுப்பதைக் குற்றமாக்கும் பிரிவு உள்படச் சிலவற்றை நீக்கவைத்து, ஒருவழியாக 2019 நவம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, டிசம்பரில் சட்டமானது. சிவா கேட்ட ஒதுக்கீடு அதில் இல்லை. அதில் எனக்கு இன்றைக்கும் ஆறாத வருத்தம் உண்டு. ஆனால் அந்த வெள்ளிக்கிழமை அமைச்சர் பேச்சை நம்பி சிவா மசோதாவைத் திரும்பப் பெற்றிருந்தால் இந்தச் சட்டம்கூட இவ்வளவு சீக்கிரம் வந்திருக்காது என்றே நம்புகிறேன்.

கேள்வி: கேள்வி கேட்பது மேலா, வெளிநடப்பு மேலா? (ஓசூர் வாசகர்)

கேள்வி. வெளிநடப்பு மறுநாள் பத்திரிகையில் படமாக வரும், எழுத்துப்பூர்வமான பதில் வராது. அவையே நடக்கவிடாமல் செய்தால் பதிலைத் தொடர்ந்து உறுப்பினர்கள் கேட்கும் துணைக் கேள்விகளிலிருந்து அமைச்சருக்கு விடுதலை. பேசவே விடாதபோது வெளியே போவதை நான் குறை சொல்ல மாட்டேன்.

கேள்வி: சாத்தான்குளம் நடந்தபோது 'சித்திரவதைத் தடுப்புச் சட்டம் வரும்' என்று பேசினார்களே, அது என்ன ஆனது? (தூத்துக்குடி வாசகர்)

அந்தப் பேச்சு சாத்தான்குளத்துக்கு வெகுகாலம் முன்பே தொடங்கியது. சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997-ல் கையெழுத்திட்டது. அதை ஏற்புறுதி செய்ய, அதாவது முறைப்படி ஏற்றுக் கட்டுப்பட, உள்நாட்டில் ஒரு சட்டம் வேண்டும் என்று 2010 மே மாதம் மக்களவையில் மசோதா நிறைவேறியது. மாநிலங்களவை அதைத் தேர்வுக் குழுவுக்கு அனுப்ப, குழு அந்த ஆண்டே அறிக்கை கொடுத்தும் அது திரும்ப எடுக்கப்படவே இல்லை. மக்களவை நிறைவேற்றி மாநிலங்களவையில் நிற்கும் மசோதா, மக்களவை கலைந்தால் செத்துப்போகும். 2014-ல் அப்படித்தான் ஆனது. 2017-ல் சட்ட ஆணையம் தன் 273-வது அறிக்கையில் புதிதாக ஒரு வரைவே எழுதிக் கொடுத்தது. அதன்பிறகு நாடாளுமன்றத்தில் கேட்டவர்களுக்கு 'மாநிலங்களின் கருத்து கேட்கப்பட்டுள்ளது' என்றார்கள்.

2020 ஜூனில் சாத்தான்குளத்தைச் சேர்ந்த தந்தை ஜெயராஜும் மகன் பென்னிக்ஸும் காவலில் அடிபட்டு இறந்தபோது ஊரே கொதித்தது. இந்த விஷயத்தில் காங்கிரஸ் அரசுக்கும் பா.ஜ.க. அரசுக்கும் நான் வித்தியாசம் பார்க்கவில்லை, இரண்டுமே தட்டிக்கழித்தன. நீங்கள் தூத்துக்குடிக்காரர் என்பதால் ஒரு வேலை சொல்கிறேன். நாடாளுமன்ற இணையதளத்தில் உறுப்பினர் பெயரை வைத்து அவர் கேட்ட கேள்விகளையும் வந்த பதில்களையும் தேடிப் பார்க்கலாம். பார்த்துவிட்டு உங்கள் எம்.பி.க்குக் கடிதம் போடுங்கள். 'சட்டம் வருமா?' என்று கேட்கச் சொல்லாதீர்கள், அதற்கு 'பரிசீலனை' என்று பதில் சொல்லிவிடுவார்கள். 'எந்தெந்த மாநிலங்கள் கருத்து அனுப்பின, எந்தத் தேதியில், அனுப்பாத மாநிலங்களுக்கு எத்தனை நினைவூட்டல் போனது?' என்று கேட்கச் சொல்லுங்கள். நட்சத்திரக் கேள்வியாகக் கொடுத்தால் நல்லது, அதற்கு அமைச்சர் எழுந்து வாயால் பதில் சொல்ல வேண்டும், துணைக் கேள்வியும் கேட்கலாம். குலுக்கலில் வருவது ஒரு நாளைக்கு 20 தான், அதிலும் எல்லாமே அன்று எடுக்கப்படுவதில்லை. குறைந்தது 15 நாள் முன்னதாக நோட்டீஸ் கொடுக்க வேண்டும், அதனால் கூட்டத்தொடர் தேதி அறிவித்தவுடனே கடிதம் அவர் கையில் இருக்கட்டும்.