பின்னங்கால் வராத பூனை, கண் தெரியாத பூனை, ஆடி ஆடி நடக்கற குட்டி: உங்க கேள்விகளும் பதிலும்

நான் டாக்டர் இல்ல. அடிபட்டு நடக்க முடியாத பூனைங்கள வருஷக்கணக்கா வீட்ல வெச்சு பாத்துக்கறேன், அந்த அனுபவத்துலயும் டாக்டருங்ககிட்ட கேட்டு தெரிஞ்சுக்கிட்டதுலயும்தான் பதில் சொல்றேன். மருந்து டோஸ் கேட்டவங்களுக்கு மட்டும் பதில் போடல, அது பூனைய நேர்ல பாக்கற டாக்டர் சொல்ல வேண்டியது.

கோயம்புத்தூர்ல இருந்து: அக்கா, எங்க பூனைப் பையன் ஒன்றரை வயசு, பைக் ஏறிடுச்சு. முதுகெலும்புல அடி, இடுப்புக்கு கீழ எதுவுமே வரல. ஊசி போட்டு நிரந்தரமா தூங்க வெச்சிடலாம்னு சொல்றாங்க, மனசு கேக்கல.

அவசரப்படாதீங்க தம்பி. முதல்ல டீப் பெயின் உணர்வு, அதாவது நல்லா அழுத்தினா வலி மூளைக்கு தெரியற உணர்வு, இருக்கான்னு டாக்டர டெஸ்ட் பண்ண சொல்லுங்க. பின்னங்கால் விரல நல்லா அழுத்தி கிள்ளும்போது கால மட்டும் வெடுக்குனு இழுத்துக்கிட்டா அத நம்பிட முடியாது, மூளைக்கு சேதி போகாமயே கால் அப்படி இழுக்கும். தலைய திருப்பி பாக்குதா, கத்துதா, கடிக்க வருதா, அதுதான் கணக்கு. அது இருந்தா திரும்ப நடக்க நல்ல வாய்ப்பு இருக்கு. இல்லன்னா நடக்கறது கஷ்டம்தான், ஆனா நடக்க முடியாத பூனை வாழ முடியாத பூனை இல்ல, முன்னங்கால் ரெண்டையும் ஊனி வீடு பூரா இழுத்துக்கிட்டே ஓடும், மீன் வாசனை வந்தா உங்களுக்கு முன்னாடி கிச்சன்ல நிக்கும். இன்னொரு டாக்டர்கிட்டயும் காட்டுங்க, நாமக்கல் வெட்னரி காலேஜ் ஆஸ்பத்திரி இருக்கு, சென்னைக்காரங்களுக்கு வேப்பேரி இருக்கு. எவ்ளோ மருந்து குடுத்தும் வலி அடங்கல, சாப்பாட்ட தொடவே இல்லன்னா அப்ப டாக்டர் சொல்றத யோசிக்கலாம், அது வேற நிலைமை.

ஒண்ணு மட்டும் இன்னைக்கே பாருங்க, மூத்திரம் போகுதா? இந்த மாதிரி பூனைங்கள கொல்றது பெரும்பாலும் செத்த கால் இல்ல, தேங்கின மூத்திரம்.

திருநெல்வேலில இருந்து: அதான் எனக்கும் சந்தேகம். எங்க கடுவனுக்கு சொட்டு சொட்டா போயிட்டேதான் இருக்கு, அப்ப மூத்திரப்பை காலியாத்தானே இருக்கும்? அமுக்கி எடுக்கணும்னு சொல்றாங்க, கை வெக்கவே பயமா இருக்கு.

சொட்டுதுன்னா காலின்னு அர்த்தம் இல்ல அண்ணாச்சி, பல நேரம் நிரம்பி வழியறதுதான் அப்படி சொட்டும். எப்படி எடுக்கறதுன்னு முதல் தடவை கண்டிப்பா டாக்டர் கைய வெச்சு காட்டி கத்துக்கோங்க. நான் செய்யறது இப்படி: பூனைய பாத்ரூம் தரையில நிக்க வெச்சு, அது மூஞ்சி எனக்கு அந்தப் பக்கம் பாக்கற மாதிரி, இடது கைய நெஞ்சுக்கு அடியில குடுத்து தாங்கிக்குவேன். வலது கைய வயித்துக்கு அடியில பின்தொடைக்கு கொஞ்சம் முன்னாடி கொண்டு போனா, தண்ணி நிரப்பின சின்ன பலூன் மாதிரி ஒண்ணு வழுக்கும், அதான் பை. விரல் நுனியால குத்தக்கூடாது. விரல தட்டையா ரெண்டு பக்கமும் வெச்சு மெதுவா, ஒரே சீரா, வால் பக்கமா அழுத்தணும். கோடு மாதிரி வர ஆரம்பிச்சதும் கைய எடுக்காம அதே அழுத்தத்துல இருங்க, நின்னதும் மறுபடி தடவிப் பாத்து மிச்சம் இருந்தா இன்னொரு தடவை. ஒரு நாளைக்கு 3 தடவை, ஏறக்குறைய 8 மணி நேரத்துக்கு ஒண்ணுன்னு வெச்சுக்கோங்க, உங்க டாக்டர் வேற சொன்னா அதான்.

பை கல்லு மாதிரி இருக்கு, அழுத்தினாலும் ஒரு சொட்டு வரலன்னா நிறுத்திடுங்க, பலமா அழுத்தினா பை கிழிஞ்சிடும். கடுவனுக்கு வழி ரொம்ப குறுகல், சீக்கிரம் அடைச்சுக்கும், அடைச்சா ஒண்ணு ரெண்டு நாள்ல உயிருக்கே ஆபத்து, காலைல பாத்துக்கலாம்னு விடாதீங்க. கலங்கலா, ரத்தமா, வழக்கத்த விட மோசமான நாத்தத்தோட வந்தா யூரின் டெஸ்ட் பண்ணுங்க.

சென்னை, அம்பத்தூர்: தொடை ரெண்டும் மூத்திரம் பட்டு செவந்து முடி கொட்டிருச்சு. டெட்டால் தண்ணில தொடைக்கறேன், சரியா?

இப்பவே நிறுத்துங்கமா. டெட்டால், பினாயில் ரெண்டும் பூனைக்கு விஷம், தோல்ல பட்டத நக்கி உள்ள எடுத்துக்கும். தரை துடைக்கவும் அந்த ரூம்ல பினாயில் வேணாம், இழுத்துக்கிட்டே போற பூனைக்கு வயிறு பூரா அதுதான் படும். வெதுவெதுப்பான தண்ணில கழுவி, ஈரமே இல்லாம துணியால ஒத்தி எடுங்க, முடிய ஒட்ட வெட்டி விடுங்க. குழந்தைங்களுக்கு போடற டயப்பர் ரேஷ் க்ரீம்ல ஜிங்க் இருக்கும், அதுவும் வேணாம், டாக்டர் குடுக்கறத போடுங்க. நியூபார்ன் சைஸ் டயப்பர்ல வாலுக்கு ஓட்டை போட்டு மாட்டலாம், ஆனா சில மணி நேரத்துக்கு ஒரு தடவை மாத்தணும், நாள் பூரா காத்து படற நேரமும் வேணும். பைய ஒழுங்கா காலி பண்ணினாலே பாதி புண்ணு வராது.

மதுரை: குழந்தைக்கு குடுக்கற பாராசிட்டமால் சிரப் கொஞ்சமா வலிக்கு குடுக்கலாமா?

ஒரு சொட்டு கூட கூடாது. பூனையோட ஈரலுக்கு அத ஒடைக்கற சக்தி இல்ல, ரத்தம் ஆக்சிஜன் சுமக்க முடியாம போயிடும், ஈறு பழுப்பா நீலமா மாறும். ஏற்கனவே குடுத்திருந்தா பதில் படிக்கறத விட்டுட்டு கிளம்புங்க.

தஞ்சாவூர்: நேத்து ராத்திரி நல்லா விளையாடுச்சு, இப்ப பயங்கரமா கத்திக்கிட்டு பின்னங்கால் ரெண்டையும் இழுக்குது. அடி எதுவும் படல.

பின்னங்கால தொட்டு பாருங்க, முன்னங்கால விட சில்லுனு இருந்து பாதம் வெளுத்தோ நீலமாவோ இருந்தா ரத்தக்கட்டி போய் அடைச்சிருக்கலாம், பெரும்பாலும் அதுக்கு பின்னாடி இதய நோய் இருக்கும். தைலம் தேய்க்காதீங்க, ஒத்தடம் குடுக்காதீங்க, உடனே ஆஸ்பத்திரி. இது ரொம்ப வலிக்கற விஷயம்.

சேலம்: தெருவுல எடுத்த குட்டி, நடக்கும்போது தள்ளாடுது, தட்டுகிட்ட தலைய கொண்டு போனா நடுங்குது. பக்கத்து வீட்ல வலிப்புங்கறாங்க, விட்டுட சொல்றாங்க.

தூங்கும்போது நடுக்கம் நின்னுடுதா? கூப்ட்டா நினைவோட பாக்குதா? அப்படின்னா வலிப்பா இருக்க வாய்ப்பு கம்மி. தாய் வயித்துல இருக்கும்போதோ பொறந்த புதுசுலயோ பேன்லூகோபீனியாங்கற பூனை வைரஸ் தாக்கினா சிறுமூளை சரியா வளராது, அதுல வர தள்ளாட்டம் இப்படித்தான் இருக்கும், டாக்டர்கிட்ட காட்டி உறுதி பண்ணிக்கோங்க. இது போகப் போக அதிகமாகாது, வலிக்காது, இந்தத் தள்ளாட்டம் மத்த பூனைக்கு ஒட்டாது, மத்த பூனை மாதிரியே முழு ஆயுசும் இருக்கும். வழுக்கற டைல்ஸ்ல கோணி, யோகா மேட் எதையாவது விரிங்க, கனமான தட்ட கொஞ்சம் உயரமா வைங்க, மணல் ட்ரே பக்கம் உசரமா இருந்தா சாஞ்சு நின்னுக்கும், உள்ள போற ஒரு பக்கத்த மட்டும் தாழ வெட்டிடுங்க. மாடி, பால்கனி வேண்டவே வேண்டாம். விட்டுடாதீங்க தங்கம், தெருவுல அதால ஒரு நாய்கிட்ட இருந்து கூட ஓட முடியாது.

யாழ்ப்பாணம்: அக்கா, எங்கட பூனைக்கு 12 வயசு. போன கிழமை திடீரெண்டு கண் தெரியேல்ல, சுவரில போய் முட்டுது. வயசு போனதாலயோ?

வயசுன்னு விட்டுடாதீங்க. திடீர்னு பார்வை போனா பிபி ஏறி கண்ணுக்குள்ள விழித்திரை கழண்டிருக்கலாம், வயசான பூனைங்களுக்கு கிட்னி, தைராய்டு கோளாறுல இது வரும். சீக்கிரம் பிபி பாக்க சொல்லுங்க, சில சமயம் பார்வை கொஞ்சம் திரும்பும். திரும்பலன்னாலும் மீசையும் காதும் வெச்சே சமாளிச்சுக்கும். சாப்பாட்டு தட்டு, மணல் ட்ரே, கட்டில் எதையும் இடம் மாத்தாதீங்க, தொடறதுக்கு முன்னாடி பேர் சொல்லி கூப்புடுங்க, வெளிய மட்டும் விடாதீங்க.

திருச்சி: வீல்சேர் வாங்கலாமா?

நிறைய பூனைங்களுக்கு பிடிக்காது, மாட்டினா சிலையா நின்னுடும். வாங்கறதுக்கு முன்னாடி யார்கிட்டயாவது இரவல் வாங்கி போட்டு பாருங்க. டைல்ஸ் வீட்ல இழுத்துக்கிட்டு போறதே போதும், சிமெண்ட் தரை, மொட்டை மாடிதான் தோல உரிச்சிடும்.

வேலூர்: முன்னங்கால் எடுத்த பூனை, உயரத்துல ஏற விடலாமா?

ஏறிடும், இறங்கறதுதான் கஷ்டம், குதிக்கும்போது முழு வெயிட்டும் அந்த ஒரே கால்ல விழும். நடுவுல ஒரு ஸ்டூல் போடுங்க, குண்டாக விடாதீங்க.

ஈரோடு: அமுக்கி மூத்திரம் எடுக்கற பூனைய வெச்சுக்கிட்டு கல்யாணம் காட்சின்னு எங்கயும் போக முடியலக்கா.

முடியும், ஆனா அதுக்கு இப்பவே ஒரு ஆள தயார் பண்ணணும். தம்பி, எதிர் வீட்டு பொண்ணு, யாரா இருந்தாலும் நீங்க பக்கத்துல இருக்கும்போதே தினம் ஒரு வேளை அவங்கள எடுக்க விடுங்க, கை பழகற வரைக்கும். போகும்போது டாக்டர் நம்பர், எத்தன மணிக்கு எடுக்கணும், வழக்கமா எவ்ளோ வரும்னு ஒரு பேப்பர்ல எழுதி ஃப்ரிட்ஜ்ல ஒட்டிட்டு போங்க. அப்படி ஆள் கிடைக்கலன்னா டாக்டர் ராத்திரியும் இருக்கற கிளினிக்ல விடுங்க. சாதாரண போர்டிங்ல விடறதா இருந்தா பை காலி பண்ண தெரியுமான்னு மொதல்ல கேளுங்க, தெரியும்னு சொன்னா உங்க முன்னாடி ஒரு தடவை எடுத்து காட்ட சொல்லுங்க.